கேம்பிரிட்ஜ் கேன்டீனில் மாட்டிறைச்சி நின்றபோது: புரதத் தேர்வும் கரிமக் கணக்கும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2016 அக்டோபரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உணவுச் சேவைப் பிரிவு ஒரு முடிவெடுத்தது. தான் நடத்தும் கேன்டீன்களிலும் கஃபேக்களிலும், பல்கலைக்கழகக் கூட்டங்களுக்கு அனுப்பும் சாப்பாட்டிலும் இனி மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் இருக்காது. கோழி இருக்கும், பன்றி இருக்கும். முட்டை, பால், சீஸ், மீன் எல்லாம் இருக்கும். யாரையும் சைவத்துக்கு மாறச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில், என்ன நடந்தது என்று கணக்கை வெளியிட்டார்கள். வாங்கிய உணவில் கிலோ ஒன்றுக்கான கரிம உமிழ்வு 33 சதவீதம் குறைந்திருந்தது. கிலோ ஒன்றுக்குத் தேவைப்பட்ட நிலம் 28 சதவீதம் குறைந்திருந்தது. விற்பனை விழவில்லை, இலாபமும் அடிபடவில்லை.

புரதமும் சுற்றுச்சூழலும் என்று பேச்செடுத்தாலே அது தனிமனித ஒழுக்கம் பற்றிய வாக்குவாதமாகிவிடுகிறது. நீ என்ன சாப்பிடுகிறாய், நான் என்ன சாப்பிடுகிறேன், யார் பாவம் பெரிது என்று போய் நிற்கிறது. விடுதி, பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் என்று வெளியே சாப்பிடும் இடங்களில் எல்லாம் நாம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒருவர் நமக்காகத் தேர்ந்தெடுத்து முடித்திருக்கிறார். மெனுவை எழுதுகிறவர், கொள்முதல் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர். அவர் ஒரு வரியை மாற்றினால் ஆயிரக்கணக்கான தட்டுகள் மாறுகின்றன. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான சான்று கேம்பிரிட்ஜ்தான். குறைகள் இல்லாத சான்று என்று சொல்லமாட்டேன். அந்தக் குறைகளிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஏன் மாடும் ஆடும் மட்டும்?

இறைச்சி என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றுக்குள் சுற்றுச்சூழல் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு தொடங்குவது வயிற்றில்.

மாடு, ஆடு, எருமை ஆகியவை அசைபோடும் பிராணிகள். அவற்றின் முதல் இரைப்பை, புளிக்கவைக்கும் பெரிய பானை போல வேலை செய்கிறது. புல்லிலும் வைக்கோலிலும் உள்ள நார்ப்பொருளை நம்மால் செரிக்க முடியாது; அந்தப் பானைக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துப் பிராணிக்கு உணவாக்கித் தருகின்றன. அப்போது வெளிவரும் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வேறொரு வகை நுண்ணுயிர்கள் சேர்த்து மீத்தேனாக மாற்றுகின்றன. அதில் பெரும்பகுதி வெளியேறுவது ஏப்பமாக, வாய் வழியாக. மீத்தேன் காற்றில் நீண்ட காலம் தங்குவதில்லை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். ஆனால் இருக்கும்வரை அதன் சூடாக்கும் திறன் மிக அதிகம். எடைக்கு எடை பார்த்தால், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. கோழிக்கும் பன்றிக்கும் இந்த வகை இரைப்பை கிடையாது.

இரண்டாவது காரணம் தீவனம். பசு ஆண்டுக்குச் சாதாரணமாக ஒரு கன்றுதான் போடும். கறிக்காக மட்டுமே மாடு வளர்க்கும் இடத்தில், அந்த ஒரு கன்றுக்காகத் தாய்ப் பசுவுக்கு ஆண்டு முழுவதும் தீனி போட வேண்டும். கன்றையும் ஓராண்டு, இரண்டாண்டு வளர்க்க வேண்டும். கறிக்கோழியோ ஆறு ஏழு வாரத்தில் தயாராகிவிடுகிறது. தீவனத்தில் போகும் புரதத்தில் எவ்வளவு நம் தட்டுக்குத் திரும்பி வருகிறது என்று பார்த்தால், முட்டையில் நான்கில் ஒரு பங்கு, கோழியில் ஐந்தில் ஒரு பங்கு, பன்றியில் ஏறத்தாழ 9 சதவீதம். மாட்டிறைச்சியில் 4 சதவீதத்தை ஒட்டித்தான். மீதியெல்லாம் உடல் வெப்பமாகவும் நடமாட்டமாகவும் எலும்பாகவும் சாணமாகவும் போய்விடுகிறது.

பயறு வகைகளின் கதை இதற்கு நேர் எதிர். கொண்டைக்கடலை, பட்டாணி, பருப்புச் செடிகளின் வேர் முடிச்சுகளில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. அதனால் தழைச்சத்து உரம் கொஞ்சமே போதும். உரம் குறைந்தால் அதைத் தயாரிக்கும் எரிபொருளும் குறைகிறது, வயலிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைகிறது. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடியது.

இதையெல்லாம் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு உதவியது. ஜோசஃப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி, 40 உணவுப் பொருள்களைப் பண்ணையிலிருந்து கடைவரை கணக்கிட்டார்கள். 100 கிராம் புரதத்துக்கு எத்தனை கிலோ கரிம உமிழ்வு (எல்லாப் பசுமைக்குடில் வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றிய கணக்கு) என்று பார்த்தபோது, கறிக்காகவே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சி சராசரியாக 50 கிலோ. செம்மறியாட்டு இறைச்சி 20. பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சி 17. சீஸ் 11. பன்றி 7.6, கோழி 5.7, முட்டை 4.2, டோஃபு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) 2. பயறு வகைகள் 0.8, பட்டாணி 0.4. மாட்டுக்கும் பட்டாணிக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் இடைவெளி.

நிலத்திலும் அதே வரிசைதான், கொஞ்சம் மாறி. கறிக்கான மாட்டிறைச்சியில் 100 கிராம் புரதத்துக்கு 164 சதுர மீட்டர், செம்மறியாட்டில் 185. கோழிக்கு 7, பட்டாணிக்கு 3.4. உலகின் விளைநிலம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றிலும் 83 சதவீதம் கால்நடைகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் மீன் வளர்ப்புக்குமாகப் போகிறது என்றும், அதிலிருந்து நமக்குக் கிடைப்பது 37 சதவீதப் புரதமும் 18 சதவீதக் கலோரியும்தான் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. காடு அழிவதைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு தட்டுக்கு எவ்வளவு?

100 கிராம் புரதம் என்பது ஆய்வாளர்களுக்கு வசதியான அளவு. சமையலறைக்கு வேண்டியது ஒரு தட்டின் அளவு. மதியச் சாப்பாட்டில் முக்கியப் பதார்த்தத்திலிருந்து 20 கிராம் புரதம் கிடைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 50 கிராம் என்பதால் இது தாராளமான அளவுதான்.

மேலே சொன்ன சராசரிகளின்படி, கறிக்கான மாட்டிறைச்சித் தட்டு ஒன்றுக்குக் கரிம உமிழ்வு 10 கிலோ. செம்மறியாடு 4 கிலோ. சீஸ் 2.2 கிலோ. கோழி 1.1 கிலோ. முட்டை 0.8. டோஃபு 0.4. கொண்டைக்கடலை போன்ற பயறு 0.16 கிலோ, அதாவது 160 கிராம்.

இப்போது ஒரு கேன்டீனில் தினம் 500 பேர் சாப்பிடுகிறார்கள், அதில் 100 தட்டு மாட்டிறைச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 100 தட்டுகளின் கணக்கு மட்டும் 1,000 கிலோ. அதே நூறையும் கோழியாக மாற்றினால் 115 கிலோவுக்குள் அடங்கும். பயறாக மாற்றினால் 16 கிலோ. மாட்டிலிருந்து பயறுக்குப் போனால் கிடைக்கும் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒன்பது பங்கு, மாட்டிலிருந்து கோழிக்கு வந்த முதல் அடியிலேயே கிடைத்துவிடுகிறது!

கேம்பிரிட்ஜ் எடுத்த முடிவின் அறிவு இங்கேதான் இருக்கிறது. எல்லா இறைச்சியையும் ஒரே நாளில் தூக்கியிருந்தால் எதிர்ப்பு பல மடங்காகியிருக்கும். கூடுதலாகக் கிடைத்திருக்கும் கரிமச் சேமிப்போ ஒப்பிட்டால் சிறியது. அவர்கள் பட்டியலின் மேல் முனையில் இருந்த இரண்டு பொருள்களை மட்டும் வெட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் இயற்கைப் பாதுகாப்பு அறிவியலாளர் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டு போன்றவர்களின் ஆலோசனையும் இதற்குப் பின்னால் இருந்தது. சமையலறையும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத நிறுவனங்கள் எத்தனையோ. இங்கே பேசிக்கொண்டன.

சமையலறையில் நடந்தது

ஒரு பொருளை மெனுவிலிருந்து எடுப்பது சுலபம். அது இருந்த இடத்தில் என்ன வருகிறது என்பதில்தான் திட்டம் நிற்பதும் கவிழ்வதும்.

சமையற்காரர்களுக்குத் தாவர உணவு சமைக்கத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். புதிய யோசனைகளுக்காக லண்டனின் பரோ மார்க்கெட் என்ற உணவுச் சந்தைக்கு அழைத்துப்போனார்கள். மேலாளர்களுக்கும் இந்த மாற்றம் எதற்கு என்று வகுப்பு நடந்தது. காலங்காலமாக இருந்த மாட்டிறைச்சிப் ‘பை’ (மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம்) போன்றவற்றின் இடத்தில் புகைமணம் ஏறிய மொராக்கோ பாணிக் கொண்டைக்கடலைக் குழம்பு வந்தது. இது வீகன் (பாலும் முட்டையும்கூட இல்லாதது), இது சைவம் என்று பெரிதாகப் பட்டம் கட்டாமல், என்ன சுவை, எந்த ஊர்ப் பாணி என்று சொல்லி வைத்தார்கள். வரிசையில் வருகிறவர் கண்ணில் தாவர உணவு முதலில் படும்படி அடுக்கினார்கள். கூடவே, அளவுக்கு மீறிப் பிடிக்கப்படும் மீன் வகைகளை வாங்குவதை நிறுத்தினார்கள், உணவு வீணாவதைக் குறைத்தார்கள்.

இங்கே சமையலறை நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல கேன்டீன்கள் இதில்தான் கோட்டை விடுகின்றன. 100 கிராம் பச்சை மாட்டிறைச்சியிலும் 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், 20 கிராமை ஒட்டி. ஆனால் அடுப்பில் ஏறியதும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இறைச்சி தண்ணீரை விட்டுச் சுருங்கி 75 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கடலை தண்ணீரைக் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். முன்பு இறைச்சி வைத்த அதே கரண்டியால் கடலையை அள்ளிப் போட்டால் புரதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். சாப்பிட்டவருக்கு நான்கு மணிக்கே பசிக்கும். ‘இதெல்லாம் வயிற்றுக்குப் பத்தாது’ என்று மறுநாள் வேறு கடைக்குப் போவார். தப்பு கடலையிடம் இல்லை, கரண்டியில். அதனால் தாவரத் தட்டை அடியிலிருந்தே வேறு மாதிரி கட்ட வேண்டும். கடலையே தட்டின் நடுவில் இருக்க வேண்டும், அதோடு தானியம், கொட்டை, டோஃபு என்று புரதம் பல பக்கத்திலிருந்தும் சேர வேண்டும். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் மெத்தியோனின் குறைவு, தானியத்தில் அது உண்டு. இரண்டும் ஒரே நாளுக்குள் வயிற்றில் சேர்ந்தால் போதும்.

இயல்பாக விலங்கு உணவில்தான் கிடைக்கும் வைட்டமின் பி12 பற்றிய கேள்வி இந்த நிகழ்வில் எழவே இல்லை. முட்டையும் பாலும் மீனும் கோழியும் மெனுவில் தொடர்ந்து இருந்தன.

எண்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால்

33 சதவீதம் என்ற எண்தான் செய்திகளில் ஓடியது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது, அதை அவ்வளவாக யாரும் பேசவில்லை: உணவுச் சேவையின் மொத்தக் கரிம உமிழ்வு குறைந்தது 10.5 சதவீதம்.

ஒரு கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் வாங்கிய உணவின் மொத்த எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்க வேண்டும். 89.5ஐ 67ஆல் வகுத்தால் 1.34 வருகிறது, அவ்வளவுதான் கணக்கு. இதே பெருக்கத்தை நிலத்துக்கும் போட்டால், கிலோவுக்கு 28 சதவீதம் குறைந்தும் மொத்த நிலத் தேவை சில சதவீதம்தான் இறங்கியிருக்கும்.

இதைப் பார்த்ததும் ‘எல்லாம் கண்துடைப்பு’ என்று சொல்லத் தோன்றலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கேன்டீனில் கூடுதலாகச் சாப்பிட்டவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். இங்கே சாப்பிடாவிட்டால் வேறு எங்காவது சாப்பிட்டிருப்பார்கள், அங்கே அவர்கள் தட்டில் மாட்டிறைச்சி இருந்திருக்கவும் கூடும். வியாபாரம் வளர்ந்த நிறுவனத்துக்குக் கிலோ கணக்குதான் நியாயமான அளவுகோல். ஆனால் வளிமண்டலத்துக்குக் கிலோ கணக்கு தெரியாது, மொத்தம்தான் தெரியும். ஆகவே இரண்டு எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும். கேம்பிரிட்ஜ் இரண்டையும் வெளியிட்டது, அது அவர்களின் நேர்மை. ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டாடியது படித்தவர்களின் அவசரம்.

வேறு சில பலவீனங்களும் உண்டு. இறைச்சி நீக்கம், மீன் விதி, வீணடிப்புக் குறைப்பு, சமையற்காரர் பயிற்சி எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரிப்பது கடினம். மாட்டிறைச்சியை நிறுத்தாத வேறொரு கேன்டீனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் இல்லை. கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள் இருக்கின்றன; அவற்றின் சமையலறைகள் தனி, அவை இந்தக் கொள்கைக்குள் வரவில்லை. மதியம் பல்கலைக்கழகக் கேன்டீனில் கடலை சாப்பிட்ட மாணவர் இரவு கல்லூரி உணவுக்கூடத்தில் மாட்டிறைச்சி சாப்பிட்டால் அது இந்தக் கணக்கில் வராது.

மதியம் விட்டதை இரவில் பிடித்தார்களா?

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் அதே ஊரிலிருந்து வந்தது. எம்மா கார்னெட்டும் சக ஆய்வாளர்களும் மூன்று கல்லூரிகளின் உணவுக்கூடங்களில் 94,644 சாப்பாட்டுத் தேர்வுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் பல்கலைக்கழக அட்டை மூலம் பணம் செலுத்துவதால், ஒரே ஆள் எப்போது என்ன எடுத்தார் என்று பெயர் தெரியாமலே பின்தொடர முடிந்தது.

அங்கே யாரும் எதையும் தடை செய்யவில்லை. நான்கு பதார்த்தங்களில் ஒன்று சைவமாக இருந்ததை இரண்டாக்கினார்கள். சைவச் சாப்பாட்டின் விற்பனை முன்பு இருந்ததைவிட, இடத்துக்கு இடம் 41 சதவீதத்திலிருந்து 79 சதவீதம் வரை கூடியது. மொத்த விற்பனை அசையவில்லை. என்னை மிகவும் கவர்ந்த விஷயம் அடுத்தது. அதிகம் மாறியவர்கள், அதுவரை சைவத்தை மிகக் குறைவாக எடுத்துவந்தவர்கள். இறைச்சியில் ஊறியவர்கள் மாறவே மாட்டார்கள் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேரெதிர். மதியம் சைவம் சாப்பிட்டவர்கள் இரவில் இறைச்சியால் ஈடுகட்டினார்களா என்றும் பார்த்தார்கள்; அப்படி ஒரு போக்கு தென்படவில்லை.

அப்புறம் 2020இல் இன்னொரு சோதனை. பதார்த்தங்களின் வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாடுகளில். சைவத்தை முதலில் வைத்தால் போதும் என்று பலரும் நினைப்பதுண்டு. சைவமும் இறைச்சியும் ஒரு மீட்டருக்குள் அருகருகே இருந்தபோது வரிசை மாற்றத்தால் ஒன்றும் நடக்கவில்லை. இடைவெளி ஒன்றரை மீட்டரைத் தாண்டியபோது, முதலில் வைக்கப்பட்ட சைவம் கணிசமாகக் கூடுதலாக விற்றது. தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பாத்திரமும் ஒரே பார்வையில் தெரிந்தால் அவர் ஒப்பிட்டுப் பழக்கமானதை எடுக்கிறார். முதல் பாத்திரம் மட்டும் கண்முன் இருந்து, அடுத்தது இரண்டு எட்டு தள்ளி நடந்தால்தான் தெரியும் என்றால், நன்றாக மணக்கிற முதல் பாத்திரத்திலேயே நின்றுவிடுகிறார். காலநிலை பற்றிய சுவரொட்டி எதுவும் தேவைப்படவில்லை.

கேட்கப்பட்ட கேள்விகள்

கேம்பிரிட்ஜ் அறிக்கை வந்த அதே ஆண்டில் லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியும் போர்ச்சுகலின் கோயம்ப்ரா பல்கலைக்கழகமும் மாட்டிறைச்சியை நிறுத்துவதாக அறிவித்தன. 2020 பிப்ரவரியில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் உணவகங்கள் சேர்ந்துகொண்டன. கால்நடை வளர்ப்போரிடமிருந்து எதிர்ப்பும் வந்தது. அவர்களின் வாதத்தில் நியாயமான பகுதி இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது.

மழை நன்றாகப் பெய்து புல் தானே வளரும் பிரிட்டன் போன்ற நாட்டின் மாட்டிறைச்சியை, காடு அழித்து வளர்த்த மாட்டோடு ஒரே சராசரியில் போடலாமா என்று கேட்கிறார்கள். போடக் கூடாதுதான். பூர், நெமெசெக் ஆய்விலேயே இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது. மோசமான 10 சதவீத மாட்டிறைச்சி 100 கிராம் புரதத்துக்கு 105 கிலோவைத் தாண்டுகிறது. பால் பண்ணையிலிருந்து வரும் மிகச் சிறந்த 10 சதவீதம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எங்கிருந்து, எப்படி வளர்த்த மாடு என்பது மிகவும் முக்கியம். ஆனால் அந்த மிகச் சிறந்த மாட்டிறைச்சியும்கூட, பட்டாணியைப் போல 36 மடங்கு உமிழ்வும் 6 மடங்கு நிலமும் கேட்கிறது. நல்ல மாட்டிறைச்சிக்கும் கெட்ட மாட்டிறைச்சிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தாலும், நல்ல மாட்டிறைச்சிக்கும் பயறுக்கும் இடையே இன்னும் பெரிய தூரம் மிச்சம் இருக்கிறது.

புல்வெளி மண்ணில் கரிமம் சேர்கிறதே, அது மீத்தேனை ஈடுகட்டாதா? ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட உணவு, காலநிலை ஆய்வு வலையமைப்பு 2017இல் இதை விரிவாக அலசியது. மிகத் தாராளமான அனுமானங்களை வைத்தாலும் மேய்ச்சல் விலங்குகளின் உமிழ்வில் 20 முதல் 60 சதவீதம் வரைதான் ஈடாகும், அதுவும் மண் நிறைவடையும் சில பத்தாண்டுகளுக்கு மட்டும் என்பது அதன் முடிவு.

கால்நடைத் தீவனத்தில் 86 சதவீதம் மனிதர் சாப்பிட முடியாத பொருள் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் காட்டியதும் உண்மை. புல், வைக்கோல், பிண்ணாக்கு போன்றவை அதில் அடங்கும். பயிர் விளையாத நிலத்தில் மேய்கிற மாட்டுக்கு உணவு அமைப்பில் இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதம் கொஞ்சம் மாட்டிறைச்சிக்குத்தான் பொருந்தும், இன்றைக்கு விற்கும் அளவுக்குப் பொருந்தாது.

உள்ளூர் இறைச்சி வாங்கினால் சரியாகிவிடாதா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். மாட்டிறைச்சியின் மொத்த உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

கோழி பற்றிய கேள்வி எனக்கு அதைவிடக் கனமானதாகப் படுகிறது. மாட்டிலிருந்து கோழிக்கு மாறினால் கரிமம் பெருமளவு குறையும். ஆனால் ஒரு மாடு இருநூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தருகிறது. ஒரு கறிக்கோழி இரண்டு கிலோவுக்குள். அதே அளவு இறைச்சிக்கு நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள், பெரும்பாலும் நெருக்கமான கொட்டகைகளில். பறவைக் காய்ச்சல், நோய் எதிர்ப்பு மருந்துகளின் அளவு மீறிய பயன்பாடு, தீவனத்துக்கான சோயா என்று வேறு வாசல் வழியாகச் சிக்கல் உள்ளே வருகிறது. கரிமம் ஒன்றையே அளந்தால் இது கண்ணில் படாது. அதனால்தான் மாட்டை நீக்கிய இடத்தில் கடலையும் டோஃபுவும் வந்தனவா, இல்லை கோழி மட்டும் ஏறியதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வேறொரு கேன்டீன் இதைச் செய்ய நினைத்தால்

முதலில் மாற்றத்துக்கு முந்தைய ஓராண்டின் கொள்முதல் ரசீதுகளை எடுத்து, ஒவ்வொரு புரதப் பொருளும் எத்தனை கிலோ என்று எழுதிவைக்க வேண்டும். பலரும் இதைத் தவறவிட்டுவிட்டு, மாற்றம் வந்தபிறகு பழைய ரசீதைத் தேடுகிறார்கள். கிலோவோடு புரதத்தின் கிராம் கணக்கும் வேண்டும். எடையை மட்டும் பார்த்தால் கீரையும் தக்காளியும் நிறைய வாங்கினாலே சராசரி இறங்கிவிடும், ஆனால் சாப்பிட்டவருக்குப் புரதம் கிடைத்ததா என்று தெரியாது. கேம்பிரிட்ஜின் 33 சதவீதத்தில் என் முக்கியமான மனக்குறையும் இதுதான்: அது கிலோ கணக்கு. புரதக் கணக்கில் அது எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்து சமையற்காரர்களின் பயிற்சி. செலவைக் காரணம் காட்டி எல்லோரும் வெட்டுவது இதைத்தான், ஆனால் மற்றதெல்லாம் நிற்பது இதன் மேல்தான். ருசி இல்லாத கடலைக் குழம்பை ஒன்றரை மீட்டர் முன்னால் வைத்தாலும் யாரும் திரும்ப வரமாட்டார்கள்.

கடைசியாக, சீஸ். மாட்டிறைச்சியை எடுத்த சமையலறை அவசரத்தில் முதலில் கைநீட்டுவது சீஸ் பக்கம்தான். சீஸ் போட்ட பாஸ்தா, சீஸ் போட்ட பை, சீஸ் சாண்ட்விச். மெனுவில் அது சைவம் என்ற பத்தியில் உட்கார்ந்திருக்கும். மேலே போட்ட தட்டுக் கணக்கில் அது 2.2 கிலோ, கோழித் தட்டைப் போல இரண்டு மடங்கு. காரணம் மறுபடியும் அந்த இரைப்பைதான். பால் கறக்கும் பசுவும் அசைபோடுகிற பசுதானே. ஒரு லிட்டர் பாலுக்கு உலகச் சராசரி 3.2 கிலோ என்பதால், கஃபேக்களில் நாள் முழுதும் ஓடும் காபியிலும் தேநீரிலும் சேரும் பால் சின்னக் கணக்கு இல்லை. மாட்டிறைச்சி வரியை அடித்த அதே கை, அடுத்த ஆண்டு பட்டியலில் திறக்க வேண்டிய பக்கம் பால் பொருள்களின் பக்கம். சைவம், அசைவம் என்று இரண்டாகப் பிரித்து எழுதிய மெனுவை வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்க முடியாது; ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எதிரே அதன் புரதம் எத்தனை கிராம், கரிமம் எத்தனை கிலோ என்று இரண்டு எண்ணும் இருக்கிற பட்டியல் வேண்டும்.